ஆம்பலேரியின் அடித்தண்ணீர்

அம்சவல்லி செத்துப்போன பிறகு அவளை நல்லவள் என்று சொல்ல ஊரில் நாலு பேர் கிளம்பியிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது இது காதில் விழுந்திருந்தால், அந்த நாலு பேரையும் ஏரியில் பிடித்துத் தள்ளியிருப்பாள். அவள் நல்லவள் இல்லை. தனக்குச் செய்த தீங்கை மறக்கிற குணம் அவளுக்குக் கிடையாது. மறக்காததை மறைக்கவும் தெரியாது. ஆம்பலேரிக்காரர்கள் இன்று நல்ல தண்ணீர் குடிக்கிறார்கள் என்றால், அது அவளுடைய நல்ல மனசால் வந்தது அல்ல. வன்மத்தால் வந்தது.

தஞ்சாவூருக்குத் தெற்கே, ஊரார் புதாறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயின் கடைசிப் பக்கம் ஆம்பலேரி. ஊருக்கும் ஏரிக்கும் ஒரே பெயர். ஆடியில் காவிரித் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து ஏரியை நிரப்பும், ஏரி வயலை நிரப்பும். ஏரிக்கரைக்கு அடியில் பழைய கல்தூம்பு ஒன்று உண்டு. அதில் இரண்டு துளைகள். ஒன்று மேலே, ஒன்று தரையோடு தரையாக. இரண்டையும் மரக்கட்டையால் அடைத்திருப்பார்கள். தண்ணீர் வேண்டும்போது மடைக்காரன் மூச்சைப் பிடித்து உள்ளே முங்கிப் போய்க் கட்டையைப் பிடுங்க வேண்டும்.

அந்த வேலை அம்சவல்லியின் புருஷன் வைரக்கண்ணுவுடையது. அவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்ததும் ஊர் வேறு ஆளைத் தேடியது. இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்த அம்சவல்லி யாரையும் கேட்கவில்லை. குழந்தையைக் கொழுந்தன் சாமிதுரையிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு முங்கினாள். கட்டையைப் பிடுங்கிக் கரையில் கொண்டுவந்து போட்டாள்.

"இனிமே ஆரும் ஆள் தேட வேணாம்" என்றாள்.

பொம்பளை மடை திறந்தால் ஏரி வற்றிவிடும் என்று சில பெரிய மனிதர்கள் முனகினார்கள். அந்த வருஷம் ஏரி கரை தளும்ப நிரம்பியது. முனகியவர்கள் வாயை மூடிக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள்.

ஏரிக்குள் முங்குகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. கோடையில் ஏரித் தண்ணீர் ஒரே தண்ணீர் அல்ல. மேலே வெயில் பட்டுக் கஞ்சித் தண்ணிபோல வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு ஆள் ஆழம் கீழே போனால் திடீரென்று காலில் குளிர் அறையும். அந்தக் குளிர்ந்த தண்ணீர் கனமானது. மேலே வராது, மேல்தண்ணீரோடு சேராது. காற்றையும் வெயிலையும் பார்க்காமல் மாதக்கணக்கில் அங்கேயே படுத்துக் கிடக்கும். இலையும் பாசியும் அதில் விழுந்து மக்கும். ஆடியில் மேல்காற்று பலமாக வீசினால்தான் மேலும் கீழும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும். அப்படிக் கலக்கும்போது யாருக்கும் தெரியாது.

இந்த இரண்டு தண்ணீரையும் ஊர் எப்படிப் பங்குபோட்டிருந்தது என்பதுதான் கொடுமை. கரையின் உட்பக்கம் நல்லதண்ணித் துறை. படிகட்டிய துறை. ஊரார் அங்கே குடத்தைச் சாய்த்து மேல்தண்ணீரை மொண்டு போவார்கள். அம்சவல்லி குடியிருந்த கூலித்தெருவின் ஆட்கள் அந்தப் படியில் கால் வைக்கக் கூடாது. அவர்களுக்குக் கரையின் வெளிப்பக்கம், தூம்பு கக்கும் வாய்க்கால். கோடையில் நீர்மட்டம் இறங்கி மேல்துளை வெளியே தெரிந்துவிடும். தெருவுக்குக் கசியவிட அடித்துளை மட்டும்தான் மிஞ்சும். ஆக, மிராசுதார் வீட்டுப் பானையில் மேல்தண்ணீர், கூலித்தெருப் பானையில் அடித்தண்ணீர். அதே ஏரி, அதே சாமி, அதே வரி.

மக்கிய இலையை மனிதர்கள் எப்படியோ தாங்கிக்கொண்டார்கள். தாங்க முடியாததைச் செய்தவர் மிராசுதார் தியாகராசன்.

தியாகராசன் கெட்டிக்காரர். நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்றதும் நிலத்தை மச்சான், மாமன், கணக்கப்பிள்ளை என்று பிரித்து எழுதினார். வீட்டு நாய்க்கும் ஒரு காணி எழுதிவைத்திருப்பதாகத் தெருவில் கேலி பேசினார்கள். ஆட்சி மாறியதும் வேட்டியின் கரையும் மாறியது. ஆள் மட்டும் மாறவில்லை. ஊராட்சித் தலைவரானார். அறுவடைக் கூலியில் அரை மரக்கால் கூடக் கேட்ட சாமிதுரையைப் போலீசிடம் பிடித்துக் கொடுத்த கையோடு, மேடையில் ஏறிச் சமத்துவம் பேசினார். ஏரியின் வடகரையில் நெல் அவிக்கும் மில் ஒன்றும் போட்டார்.

நெல் ஊறிய தண்ணீர் எப்படி நாறும் என்பது மில் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அதைத் தொட்டியிலிருந்து ஒரு கால்வாய் வெட்டி நேரே ஏரிக்கு விட்டார். சூடாக விழுந்த தண்ணீர் ஆறியதும் கனத்துக் கீழே இறங்கியது. தூம்புக்கு முன்னால் இருக்கும் மடுவில், அந்தக் குளிர்ந்த படுக்கையில், போய்ச் சேர்ந்துகொண்டது. மேலே பார்த்தால் ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. துறையில் மொண்டவர்கள் ஒரு குறையும் காணவில்லை.

அடித்துளையைத் திறக்க முங்கிய அம்சவல்லி காறித் துப்பிக்கொண்டு மேலே வந்தாள். அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் உடம்பில் வழுவழுவென்று ஒட்டியது. ஈரச் சேலையோடு மிராசுதார் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, மில்லுத் தண்ணி மடுவுல கெடந்து அழுகுதுங்க. எங்க தெருவுக்கு அதுதாங்க வருது. வேற பக்கம் திருப்பி விடுங்க."

தியாகராசன் வெற்றிலையை மென்றபடி சிரித்தார். "தொறைக்குப் போய்ப் பாரு, பன்னீரு மாதிரி இருக்கு. நாறுறது ஏரி இல்ல புள்ள, ஒன் மூக்கு."

தெருவுக்கு வேறு தண்ணீர் இல்லை. அம்சவல்லி தினமும் முங்கினாள், தினமும் திறந்தாள். அந்தச் சித்திரையில் தெருவில் வாந்தியும் பேதியும் புகுந்தன. அம்சவல்லியின் மகள் ராசம்மாளுக்கு அப்போது ஏழு வயசு. கரையில் உட்கார்ந்து ஆத்தாளின் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பதுதான் அவள் விளையாட்டு. ஆத்தாள் தலை தூக்கியதும் கை தட்டுவாள். ராசம்மாள் காலையில் படுத்தாள். மாலையில் கக்குவதற்குக்கூடத் திராணி இல்லாமல் கண் செருகிப் போனாள். தண்ணி, தண்ணி என்று கேட்டாள். அம்சவல்லி அதே தண்ணீரைத்தான் கொடுத்தாள். தன் கையால் திறந்து, தன் கையால் மொண்டு, தன் கையால் வாயில் ஊற்றினாள். இதை அவள் சாகும்வரை யாரிடமும் மெல்லிய குரலில் சொன்னதில்லை. கத்தித்தான் சொல்லுவாள்.

தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகள் போனார்கள். சாமிதுரையும் கூலிக்காரர் சங்கத்து ஆட்களும் பஞ்சாயத்தைக் கூட்டினார்கள். அந்த ஊர் வழக்கத்தில் பெரிய வழக்குக்கெல்லாம் ஒரே சாட்சி, ஏரிக்கரையில் நிற்கும் காவல்சாமி மதகடி வீரன். குற்றம் சாட்டப்பட்டவர் துறையில் கழுத்தளவு இறங்கி, வீரனைப் பார்த்து, ஒரு வாய் ஏரித் தண்ணீர் குடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். தண்ணீர் வயிற்றில் தங்கினால் சொன்னது நிஜம். வெளியே வந்தால் பொய்.

தியாகராசன் புன்னகையோடு இறங்கினார். வெயிலில் பளபளத்த மேல்தண்ணீரை அள்ளி, "என் மில்லுத் தண்ணியால இந்த ஏரிக்கு ஒரு கெடுதியும் இல்ல" என்று சொல்லிக் குடித்தார். இன்னொரு வாயும் குடித்தார். ஏப்பம் விட்டார். வீரன் தீர்ப்புச் சொல்லிவிட்டான் என்று ஊர் கலைந்தது.

"அடியில போய்க் குடிச்சிட்டு வரச் சொல்லுங்க!" என்று அம்சவல்லி கத்தினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. மடைக்காரி பிள்ளைக்குச் செத்த நண்டைச் சுட்டுக் கொடுத்துக் கொன்றுவிட்டாளாம். அவள் தெருவிலேயே அதை நம்பினவர்கள் இருந்தார்கள்.

அன்றைக்கு அவள் ஒன்றே ஒன்று முடிவு செய்தாள். ராசம்மாள் குடித்த தண்ணீரைத் தியாகராசன் குடிக்க வேண்டும். அதே துறையில், அதே வீரனுக்கு முன்னால், ஊர் பார்க்க. அதற்குப் பிறகு உலகம் எப்படிப் போனாலும் அவளுக்குக் கவலை இல்லை.

அடித்தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோனால் அவர் குடிப்பாரா? மாட்டார். ஆகவே அடித்தண்ணீரே துறைக்கு எழுந்து வர வேண்டும். அவராகவே வந்து அதை மொள்ள வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து வருஷத்தில் ஒரு நாள் இருந்தது.

ஆடியில் புதுத்தண்ணீர் ஏரிக்கு வரும் நாள் ஊருக்குத் திருவிழா. பூசாரி துறையில் வெள்ளிச் சொம்பு நிறைய மொண்டு மிராசுதாரிடம் நீட்டுவார். மிராசுதார் ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பித் தருவார். அதுதான் முதல் மரியாதை. மிச்சத்தை, நீட்டிய கைக்குரியவர் குடித்துத் தீர்த்துச் சொம்பைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்காமல் மேளம் கொட்டாது, வயலுக்கு மடை திறக்காது. பூசாரிக்கு இது பழகிப்போன வேலை. ஊரில் மற்ற யாரும் இந்த இரண்டாம் பாதியைக் கவனிப்பதுகூட இல்லை. மிராசுதார் குடித்ததும் எல்லோர் கண்ணும் மேளத்தின் மேல் போய்விடும்.

கால்வாயிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் வர இரண்டு வழிகள். நாணல்வழி அகலமானது. தண்ணீர் நாணல் புதரில் பரந்து, வெயிலில் காய்ந்து, மண்ணைக் கீழே விட்டுவிட்டு மெல்லப் போய் மேல்தண்ணீரோடு சேரும். முதல் தண்ணீரை அந்த வழியில்தான் விடுவார்கள். இன்னொன்று நேர்வழி. அது பழைய ஓடைப் பள்ளம், மடுவுக்கு நேராக இறங்குவது. ஏரி பாதி நிரம்பின பிறகுதான் அதைத் திறப்பது வழக்கம். இரண்டையும் திறக்கிறவள் அம்சவல்லி.

புதாற்றுத் தலைமதகில் மதகைத் திறந்து மூடும் பொதுப்பணித்துறை லஸ்கராக அப்துல் வஹாப் இருந்தார். வைரக்கண்ணுவுக்குப் பழைய கூட்டாளி. அவரிடம் போய்த் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டாள். அந்த வருஷம் மேட்டூரைத் திறக்கத் தாமதமாகியிருந்தது. காற்று முந்திக்கொண்டால் அடித்தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து நீர்த்துப் போய்விடும் என்ற பயம் அவளைத் தின்றது. ஒவ்வொரு நாளும் கரையில் நின்று பனைமட்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்கும் காற்றுக்கும் வேண்டுகிறவர்கள் நடுவில், காற்றே வராதே என்று வீரனிடம் வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

"தண்ணி கெளம்பிருச்சு தங்கச்சி. வெள்ளிக்கெழம ஒங்க ஊருக்கு வந்துரும். ஊருல தேதி வச்சிட்டாங்களாமே" என்றார் வஹாப்.

"முழுசா விடுவீங்களா பாய்?"

"விடலாம். நாணல்வழி தாங்காதே."

"நேர்வழியத் தொறக்கப் போறேன்."

வஹாப் அவளை உற்றுப் பார்த்தார். "புதுத்தண்ணி சில்லுன்னு, மண்ணச் சொமந்துக்கிட்டு வரும். நேர்வழில விட்டா மேல நிக்காது. பள்ளத்தோட அடியில பூந்து மடுவப் போய் முட்டும். அங்க கெடக்குற அழுக்கெல்லாம் கரையோரமா பொங்கி மேல வந்துரும். மீனு செத்து மெதக்கும். வேணாம்மா."

"அதுக்குத்தான் தொறக்கப் போறேன்."

"ஒங்க தெருவும் அந்தத் தண்ணியத்தானே குடிக்கணும்?"

"புதாத்து மணல்ல ஊத்துத் தோண்டச் சொல்லிட்டேன். ஒரு வாரத்துக்கு அங்கதான் மொண்டுக்கணும்னு வீடு வீடாப் போய்ச் சொல்லியாச்சு. வாய்க்காத் தண்ணியக் குடிச்சா மடையிலயே ஒதப்பேன்னு சேத்துச் சொல்லியிருக்கேன்."

ராசம்மாளைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனவர் வஹாப். "வெள்ளிக்கெழம காலையில முழுசா விடுறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது காற்று இல்லை. அம்சவல்லி நாணல்வழியை அடைத்தபடி விட்டுவிட்டு நேர்வழிப் பலகைகளைத் தூக்கினாள். செந்தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. ஏரிக்குள் கொஞ்ச தூரம் சிவப்பாகத் தெரிந்தது. அப்புறம் கோடு கிழித்த மாதிரி சட்டென்று மறைந்தது. அந்தக் கோட்டில் சருகும் நுரையும் வரிசையாக நின்றன. தண்ணீர் அதற்குக் கீழே குனிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மகள் செத்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

வெயில் ஏறும்போது துறையில் கூட்டம் கூடியது. அந்த வருஷம் கட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். கரைமேல் பந்தல், ஒலிபெருக்கி, மாலை. தியாகராசன் கரைவேட்டியும் பட்டுத்துண்டுமாக இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கூலித்தெரு ஜனங்கள் வழக்கம்போல எதிர்க்கரையில் தள்ளி நின்றார்கள். அம்சவல்லி தூம்புக்கல்மேல் இருந்தாள்.

முதலில் குமிழி வந்தது. துறைப்படிக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, பிறகு உலை கொதிப்பது போல. தண்ணீர் கறுத்தது. கெண்டையும் கெளுத்தியும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. ஒரு பெரிய விரால் புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டியது. நாற்றம் எழுந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். பூசாரிக்குச் சொம்பை நீட்டவும் பயம், நீட்டாமல் இருக்கவும் பயம். கண்ணை மூடிக்கொண்டு மொண்டு மிராசுதார் கையில் திணித்துவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

தியாகராசன் சொம்பைப் பார்த்தார். செத்த மீனைப் பார்த்தார். பிறகு தூம்புக்கல்மேல் நின்ற அம்சவல்லியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆளின் மூளையைப் பற்றித் தப்பாகச் சொல்லவே முடியாது. நொடியில் முகத்தை மாற்றிக்கொண்டு ஒலிபெருக்கியைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! ஆண்டாண்டு காலமாக ஆண்டைகள் அருந்திய முதல் புனலை, அடித்தட்டு மக்களின் அன்பு மகள் அருந்தும் நாள் வந்துவிட்டது! சமத்துவம் மலர்ந்துவிட்ட இந்நாளில் முதல் மரியாதையை நம் மடைக்காரி அம்சவல்லிக்கு வழங்குகிறேன்! வாம்மா, தொறைக்கு எறங்கி வா!"

பந்தலில் கைதட்டல் கிளம்பியது. எதிர்க்கரையில் கூலித்தெரு கூவியது. கால் வைக்கக் கூடாத படி, கை படக் கூடாத சொம்பு. அதற்காகச் சங்கம் எத்தனையோ அடி வாங்கியிருந்தது.

சாமிதுரைக்குக் கண்ணில் தண்ணீர். "அண்ணி, போய் வாங்கிக்கங்க அண்ணி! இதுக்குத்தானே லாக்கப்புல கெடந்தோம்!"

அம்சவல்லிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை நாள் காத்திருந்து, காற்றை வேண்டாம் என்று கும்பிட்டு, மீனையெல்லாம் சாகடித்து அவள் கிளப்பிய தண்ணீர் அவள் வாய்க்கே வந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்றால் தெரு அவளை மன்னிக்காது. தண்ணீர் கெட்டது என்றால், நீதானே நேர்வழியைத் திறந்தாய் என்பார்கள். தியாகராசன் சொம்பை நீட்டியபடி புன்னகைத்துக்கொண்டிருந்தார். நீட்டியபடி. அம்சவல்லி அந்த நீட்டிய கையைப் பார்த்தாள்.

இறங்கி வந்தாள். படியில் கால் வைத்தாள். சொம்பை வாங்கினாள். கூலித்தெருக்காரர்கள் எப்போதும் அண்ணாந்துதான் குடிப்பார்கள். அவள் சொம்பின் விளிம்பில் நன்றாக வாயை வைத்து, எச்சில் பட, ஒரு வாய் குடித்தாள். நெஞ்சு எரிந்தது. ராசம்மாள் இதைத்தானே குடித்தாள் என்று பல்லைக் கடித்து உள்ளே இறக்கினாள். தெரு ஆர்ப்பரித்தது.

சொம்பை அவரிடம் நீட்டினாள்.

"மிச்சம் இருக்குங்க ஐயா."

"கீழ ஊத்திடு."

"ஊத்தக் கூடாதுங்க. நீட்டுன கைதான் மிச்சத்தக் குடிச்சுக் கவுக்கணும்."

"அதெல்லாம் பூசாரி வேல."

"இன்னைக்கு நீட்டுனது நீங்கதானுங்க. பூசாரியக் கேட்டுக்கங்க."

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். முப்பது வருஷமாக மிராசுதார் மிச்சத்தைக் குடித்த மனிதர் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வழக்கம் அதுதாங்க" என்றார். அந்த இரண்டு வார்த்தையில் அவருக்கு இருந்த ருசியை அம்சவல்லி கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

தியாகராசன் பந்தலைப் பார்த்தார். குடிக்காமல் விட்டால் கூலிக்காரி எச்சில் என்று மறுத்ததாகிவிடும். சமத்துவம் மலர்ந்ததாக இப்போதுதான் அவரே முழங்கியிருந்தார். தண்ணீர் நாறுகிறது என்றால், ஏரியில் கெடுதி இல்லை என்று சத்தியம் பண்ணிய வாய் அதே வாய். பந்தலிலிருந்த கட்சிக்காரர் நிலைமை தெரியாமல் ஒலிபெருக்கியில் முழங்கினார்: "இதோ, தலைவர் அவர்கள் சமத்துவப் புனலை அருந்துகிறார்!"

குடித்தார். ஒரு மடக்கு உள்ளே போனது. இரண்டாவது மடக்கு பாதியில் நின்றது. கண் பிதுங்கியது. பட்டுத்துண்டை வாயில் பொத்தினார். பிரயோசனமில்லை. மதகடி வீரனுக்கு நேர் எதிரே, ஊர் பார்க்க, குடல் தெறிக்கக் கக்கினார்.

மேளக்காரன் தூக்கிய குச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

"வீரன் ஏத்துக்கல" என்றாள் அம்சவல்லி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "நண்டு குடுத்துக் கொன்னேன்னு சொன்னவங்கெல்லாம் நல்லாப் பாத்துக்குங்க. எம்புள்ள குடிச்ச தண்ணி இதுதான். அவளுக்குக் கக்கக்கூடத் தெம்பு இல்ல."

அதற்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை. சாமிதுரை மண்வெட்டியை எடுத்தான். கூலித்தெரு மட்டும் போயிருந்தால் போலீஸ் வந்திருக்கும். துறைத் தண்ணீர் நாறியதால் ஊராரும் சேர்ந்து போனார்கள். தங்கள் பானையில் ஏறின பிறகுதான் சிலருக்கு நாற்றம் தெரியும். மதியத்துக்குள் மில் கால்வாயை மண் போட்டு மூடிவிட்டார்கள். தியாகராசன் வழக்குப் போடவில்லை. என்னவென்று போடுவார்? மடை திறக்க வேண்டிய நாளில் மடைக்காரி மடை திறந்தாள். நல்ல தண்ணீர் என்று அவர் சத்தியம் செய்த ஏரியில் ஒரு வாய் குடித்தார்.

அம்சவல்லி அந்தத் தண்ணீரால் ஆடி முழுக்கப் படுக்கையில் கிடந்தாள். எழுந்தபோது ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. அதுபற்றி அவளுக்கு வருத்தமே இல்லை. வருத்தம் வேறு. தியாகராசன் சாகவில்லை. பத்து நாளில் எழுந்து உட்கார்ந்தார். மில்லுக்குப் பின்னால் குழி வெட்டித் தண்ணீரை அதில் விட்டார். பேரன் பேத்தி எடுத்தார். ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டிக்கரையை மாற்றிக்கொண்டு நன்றாகவே வாழ்ந்தார். கூலித்தெருக்காரர்கள் துறையில் மொள்ள ஆரம்பித்தார்கள், குடிமனைப் பட்டா வாங்கினார்கள், சாமிதுரை சாகுபடிக்காரனானான். எல்லோரும் அம்சவல்லியைக் கெட்டிக்காரி என்றார்கள். அவள் மட்டும், "என்னடா பெரிய பழி? அவன் குடிச்சான், கக்கினான், எந்திரிச்சிட்டான். எம்மவ எந்திரிச்சாளா?" என்று கேட்பாள்.

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, ஒரு சித்திரையில், தியாகராசன் தூக்கத்தில் சுகமாகச் செத்தார். சுகமாகச் செத்தார் என்று கேட்டதும் அம்சவல்லி சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டாள். பதினாறாம் நாள் கருமாதி. தூம்பு வாய்க்காலில்தான் மகன் முழுக வேண்டும். மகன் தணிகாசலம், வெளிநாட்டில் வேலை பார்த்தவர், சாதுவான மனிதர். அவரே தெருவுக்கு நடந்து வந்தார்.

"ஆத்தா, வாய்க்காலுக்குக் கொஞ்சம் தண்ணி விடணும். ஒங்களால முங்க முடியலன்னா வேற ஆள..."

"ஆரும் வேணாம். நான் விடுறேன்."

மனசுக்குள் அவள் கணக்கு வேறு. சித்திரை மாசம், அடித்தண்ணீர் நன்றாக ஊறிக் கிடக்கும் மாசம். அடித்துளையைத் திறப்பாள். தியாகராசன் பிள்ளை தலையோடு அதில் முழுகட்டும். வாயில் கொஞ்சம் போகட்டும். கருமாதியில் நாறட்டும் குடும்பம்.

முங்கினாள். வெதுவெதுப்பு முடிந்து குளிர் வந்தது. இன்னும் கீழே போனாள். மடுவின் தரையில் கை ஊன்றினாள். வழுவழுப்பு இல்லை. மண் கையில் மண்ணாகவே தட்டுப்பட்டது. வாயைத் திறந்து ஒரு மிடறு உள்ளே விட்டாள். நாற்றம் இல்லை. ருசி இருந்தது. வருஷா வருஷம் புதுத்தண்ணீரும் காற்றும் வந்து அலசி அலசி, மில் கால்வாய் அடைபட்ட ஏரி தன் அடியைத் தானே கழுவிக்கொண்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. தெரு துறையில் மொள்ள ஆரம்பித்து, வயலுக்கு மேல்துளையே போதும் என்று ஆன பிறகு அவள் இங்கே இறங்காததால் தெரியவில்லை.

அவளுக்கு ஏரி மேலேயே ஆத்திரம் பொங்கியது. இவளைக் கேட்காமல், இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எல்லாவற்றையும் கழுவிவிட்டு நல்ல தண்ணீராகக் கிடக்கிறது. ராசம்மாள் குடித்ததில் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கவில்லை. அடித்துளைக் கட்டையைப் பிடுங்கி எறிந்தாள். மூச்சு முட்டும்வரை, இரண்டு காலாலும் தரையை உதைத்து உதைத்து, கையால் சேற்றை அள்ளி அள்ளித் துளையின் வாயில் வீசினாள்.

மேலே வந்து கரையில் உருண்டு படுத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தாள். தண்ணீர் குழம்பாக வந்துகொண்டிருந்தது. தணிகாசலம் மொட்டைத்தலையோடு, கையைக் கட்டிக்கொண்டு, அது தெளியட்டும் என்று பொறுமையாக நின்றார். புரோகிதரும் நின்றார். அம்சவல்லிக்குத் தெரியும், அது வெறும் மண். இன்னும் கொஞ்ச நேரத்தில் படிந்துவிடும், அப்புறம் அதில் ஒன்றுமே இருக்காது. இருமலுக்கு நடுவே முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"காத்துக்கிட்டு நிக்காதீங்க தம்பி!" என்று கத்தினாள். "நல்ல நேரம் போவுது! இப்பவே முழுகுங்க!"